ரெண்டு தட்டினால் தட்டக் கூடாது

என் மனைவிக்கு ஒரே காலையில் இரண்டு முறை இன்சுலின் போட்டுவிட்டேன். எழுதவே கை கூசுகிறது. எதையும் எண்ணிச் செய்கிறவன் என்று எங்கள் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு லைன் முழுக்கப் பெயர் எடுத்தவன் நான். வீட்டிலிருந்து மருந்துக் கடைக்கு அறுநூற்று நாற்பது காலடி. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் வரும் நாளில் எங்களுக்குப் பதினோரு குடம். மாரிகுப்பத்தில் ரயில் ஏறுவதற்கு முன் பெட்டிகளை எண்ணாமல் ஒரு நாளும் ஏறியதில்லை. ஒரு பெட்டி குறைந்திருந்தால் மனம் கெட்டுவிடும். கூடியிருந்தாலும் ஏன் கூடியது என்று பங்காருபேட்டை வரை யோசித்துக்கொண்டிருப்பேன்.

வேலை கொடுத்த பழக்கம் இது. தங்கச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்தேன். ஷாஃப்ட் என்கிற செங்குத்துச் சுரங்கக் குழிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். அது தொங்கும் கம்பிக் கயிற்றைச் சுற்றுகிற இன்ஜின் என்னுடையது. அதை ஓட்டுகிறவன் உட்கார்ந்த இடத்திலிருந்து கேஜைப் பார்க்க முடியாது. ஷாஃப்ட் வாயில் நிற்கும் பெல்மேன் மணி அடிப்பார். ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறுகிறார்கள். இரண்டோ மூன்றோ வந்தால் அதே எண்ணிக்கையை நான் திருப்பி அடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கைப்பிடியைத் தள்ளலாம். ஒரு மணிக்கு மட்டும் பதில் கிடையாது. ஏன், எதற்கு என்று கேட்கவும் கூடாது. கை அப்படியே பிரேக்கில் இறங்கிவிட வேண்டும்.

சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு இப்போது வயது எழுபத்தாறு. என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி கண்ணை எடுத்துக்கொண்டு நான்கு வருஷம். வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. அதனால் காலை ஏழு மணிக்கு இன்சுலின் பேனாவைத் திருகிப் போடுவது என் பொறுப்பு. பதினான்கு யூனிட். ஒவ்வொரு யூனிட்டுக்கும் டக் என்று ஒரு சத்தம் வரும். போட்டு முடித்ததும் சபையில் கொடுத்த காலண்டரில் அன்றைய கட்டத்தில் ஒரு கோடு. நான்கு வருஷமாக ஒரு கட்டம்கூட வெறுமையாகப் போனதில்லை.

அன்றைக்குப் போட்டு முடித்து, பேனாவை மேஜைமேல் வைத்து, பென்சிலை எடுக்கப் போனபோது வாசலில் சத்தம். இரண்டு வீடு தள்ளி இருப்பவர், என் ஷாஃப்ட்டிலேயே பெல்மேனாக இருந்தவர், வேலிக்கு மேலே கத்திக்கொண்டிருந்தார்.

"டிரைவரே! இன்னா தூங்கிக்கினு கீறீங்களா? உங்க குழாய்ல தண்ணி வந்து ரோடெல்லாம் ஓடுது!"

ஓடினேன். பதினோரு குடமும் நிரப்பினேன். திரும்பி உள்ளே வந்தபோது மேஜைமேல் பேனா இருந்தது. காலண்டரில் கோடு இல்லை. பேனாவை எடுத்துத் திருகினேன்.

டக் சத்தம் கேட்டதும் அவள் தலையைத் தூக்கினாள். "இன்னாங்க, இப்பதான போட்டீங்க?"

"அது நேத்து. இன்னைக்குக் கோடு இல்ல பாரு."

"எனக்குக் கோடு எங்க தெரியுது? குத்தினது தெரியாதா எனக்கு?"

"அப்போ எனக்கு எண்ணத் தெரியாதுன்றியா?"

லைன் முழுக்க என் எண்ணிக்கையை நம்பும்போது அவள் மட்டும் எவ்வளவு நேரம் நம்பாமல் இருப்பாள்? இடுப்புச் சேலையை விலக்கிக்கொடுத்தாள். போட்டேன். கோடும் போட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு, ரயில் வந்துவிட்டதா என்று கேட்டாள். எந்த ரயில் என்றேன். கழுத்தெல்லாம் வேர்வை. கை ஐஸ் மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். அதில் ஒன்று கீழே கொட்டியது. பெல்மேன் ஆட்டோ பிடித்து வந்தார். ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றினார்கள். சாயங்காலம் கண் விழித்து, தன்னைச் சுற்றி நின்ற எல்லாரையும் விட்டுவிட்டு, "குழாய மூடினீங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள். பெங்களூரில் எட்டாவது மாடியில் குடியிருக்கிறாள். செய்தி கேட்டு வந்தவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அடுத்த வாரம் என்னை மூளை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் சின்னப் பெண். கன்னடத்தில் தோய்ந்த தமிழ். என்ன தேதி, என்ன கிழமை என்று கேட்டார், சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அவர் போதும் போதும் என்று கையைக் காட்டும்வரை கழித்தேன். ஒரே எழுத்தில் தொடங்கும் வார்த்தைகளை ஒரு நிமிஷம் சொல்லச் சொன்னார். அதில்தான் முதல் சறுக்கல். எத்தனை சொன்னேன் என்று விரலில் எண்ணிக்கொண்டே போனதில் வார்த்தை வரவில்லை. எட்டோடு நின்றது. எட்டு என்று மட்டும் சரியாகச் சொன்னேன்.

பிறகு பேனாவின் பின்பக்கத்தால் மேஜையைத் தட்டிக் காட்டினார்.

"அங்கிள், நான் ஒண்ணு தட்டினா நீங்க ஒண்ணு தட்டி. நான் ரெண்டு தட்டினா நீங்க தட்டக் கூடாது. சும்மா இருக்கணும். சரினா?"

"சரி."

அவர் இரண்டு தட்டினார். நான் இரண்டு தட்டினேன்.

அவர் ஒன்று தட்டினார். என் கை மேஜைமேல் அப்படியே நின்றுவிட்டது.

மறுபடி இரண்டு. திருப்பி இரண்டு. ஒன்று. கை அசையவில்லை. பத்து முறை தட்டினார், பத்தும் தப்பு. ஒவ்வொன்றும் தப்பு என்று எனக்கே தெரிந்தது. தெரிந்துகொண்டே செய்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ரூல் இன்னொரு தடவை சொல்லி அங்கிள்?"

"நீங்க ஒண்ணு தட்டினா நானும் ஒண்ணு. ரெண்டு தட்டினா தட்டக் கூடாது."

"கரெக்டா சொல்றீங்களே. ஆமேலே ஏன், அப்புறம் ஏன் தப்பா வருது?"

"கை கேக்கல மேடம்."

அவர் காகிதத்தில் எழுதத் தொடங்கினார். நான் அவசரமாக ஷாஃப்ட், கேஜ், மணி எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தெட்டு வருஷம் இரண்டுக்கு இரண்டு திருப்பி அடித்த கை, ஒன்றுக்கு நின்ற கை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இப்படி ஒரு தப்பை இதற்கு முன் பார்த்ததில்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. தப்பு என்னுடையதல்ல, மணியுடையது என்று மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆனா வேற மாதிரி ஒண்ணு பார்க்கலாம்," என்றார் டாக்டர். சத்தம் இல்லாத சோதனை. அவர் முஷ்டியை மூடினால் நான் ஒரு விரலைத் தூக்க வேண்டும். உள்ளங்கையைக் காட்டினால் தூக்கக் கூடாது. மணி இல்லை, சுரங்கம் இல்லை. பத்தில் மூன்று தடவை, உள்ளங்கையைக் காட்டியபோது, என் விரல் எழுந்துவிட்டது.

அந்த மூன்றையும் எந்த மணியின் மேலும் பழி போட முடியவில்லை.

அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னேன். மழைக்காலத்தில் ஒரு நாள் காலை மருந்துக் கடைக்குக் கிளம்பினேன். வழக்கம்போலக் காலடிகளை எண்ணிக்கொண்டே போனேன். அறுநூற்று நாற்பதாவது காலடியில் நிமிர்ந்து பார்த்தால் பழைய ஷாஃப்ட்டின் பூட்டிய கேட் முன்னால் நிற்கிறேன். துருப்பிடித்த கேட்டுக்கு அந்தப் பக்கம் முள்ளுச் செடி. கையில் மருந்துச் சீட்டு. எண்ணிக்கை சரி. போன இடம் தப்பு.

டாக்டர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி விளக்கினார். நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். எண்ணுவது, நடப்பது, பேனாவைத் திருகுவது எல்லாம் பழகிப்போன வேலைகள். அவை மூளையில் வேறு வேறு இடங்களில் ஊறிப்போய்க் கிடக்கின்றன, தாமாகவே ஓடும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி அந்த வேலைகளைச் செய்வதில்லை. எதற்காகக் கிளம்பினோம் என்பதை அது கையில் பிடித்து வைத்திருக்கிறது. நடுவில் யாராவது கூப்பிட்டாலும் அதை நழுவ விடாமல் பார்த்துக்கொள்கிறது. தயாராக நீண்ட கையை, இப்போது வேண்டாம் என்று தடுக்கிறது. வயதானால் எல்லாருக்கும் அது கொஞ்சம் அசரும். எனக்குக் கொஞ்சத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

"இது ரொம்ப மோசம் இல்ல. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம். ஆனா இன்சுலின் நீங்க ஒருத்தரே போடக் கூடாது அங்கிள். ஒவ்வொரு தடவையும் இன்னொருத்தர் பார்த்து, சரின்னு சொல்லணும்."

ரயிலில் திரும்பி வரும்போது பெட்டிகளை எண்ணவில்லை. மறந்ததால் அல்ல. எண்ணி என்ன ஆயிற்று என்ற எரிச்சலில். என் வாழ்நாளில் நான் மலைபோல நம்பியது எண்ணிக்கையை. அதுவோ எந்தத் திசையில் போகிறோம் என்று கேட்காமல் கூடவே வருகிற நாய்க்குட்டி மாதிரி.

இன்ஜின் ஓட்டுகிறவன் வேலை ஓட்டுவது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஷிஃப்டில் முக்கால்வாசி நேரம் ஓட்டாமல் இருப்பதுதான் வேலை. கேஜ் எங்கேயோ கீழே ஒரு லெவலில் நிற்கும். கை பிரேக்கில் இருக்கும். மணி வராது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் வராது. அப்போது கையில் ஒரு குறுகுறுப்பு வரும் பாருங்கள், அதை அடக்குவதற்குத்தான் சம்பளம் என்று எங்கள் மேஸ்திரி சொல்வார். நான் ஒரே ஒரு தடவை அதில் தோற்றிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்று மணி வரப்போகிறது என்று காத்துக்காத்து, வராத மணியைக் கேட்டுவிட்டேன். ஷாஃப்ட் வாயில் நின்ற கேஜ் ஒரு சாண் நகர்ந்தது. உடனே ஒரு மணி அலறியது, நிறுத்திவிட்டேன். யாருக்கும் அடியில்லை. கேஜ் ஓரத்தில் வைத்திருந்த பெல்மேனின் டிபன் கேரியர் மட்டும் தட்டையாகிவிட்டது. அவர்தான் இன்று இரண்டு வீடு தள்ளி இருப்பவர். அந்தக் கேரியரை இன்னும் வைத்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயதுகூட இல்லை. நெற்றிக்குப் பின்னால் எதுவும் அசந்திருக்கக் காரணம் இல்லை. ஆனாலும் கை முந்தியது. முந்துகிற கை எப்போதுமே இருந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அன்று என்னைத் தடுக்க, வெளியே ஒரு மனிதர் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் இரண்டு பெரிய பைகளோடு வந்தாள். மறுநாளே எங்களைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. எனக்கு வாயைத் திறக்கத் தகுதி இல்லை. சட்டைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கட்டிலில் உட்கார்ந்தபடி, "நான் வரல," என்றாள்.

"அம்மா, அடம் புடிக்காதம்மா. அன்னைக்கு இன்னா ஆச்சுன்னு தெரியும்ல?"

"தெரியும். எனக்குத்தான ஆச்சு." கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். "இங்க கட்டில்லேர்ந்து அடுப்பு ஒம்போது அடி. பின்கட்டு பதினாலு. குழாய், துணிக்கொடி, மொளகாப் பொடி டப்பா எல்லாம் என் கைக்குத் தெரியும். இந்த வூட்ல எனக்குக் கண்ணே வேணாம். உன் எட்டாவது மாடிக்கு வந்தா அன்னைலேர்ந்து நான் குருடி."

அவளும் எண்ணுகிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நாற்பத்தொன்பது வருஷம் கூட இருந்தும்.

மகள் அழுதாள். "அப்போ ஊசி? அப்பா கையில விட்டுட்டு நான் எப்படிம்மா ஆபீஸ்ல உக்காந்து வேல செய்வேன்?"

பேச்சுக் குரல் கேட்டு பெல்மேன் உள்ளே வந்துவிட்டிருந்தார். "நான் வேணா தெனம் வந்து மணி அடிக்கட்டுமா?" என்றார். "டிரைவரு கைய நம்பாதம்மா. என் கேரியர் அனுபவம் இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி மட்டும் ஏதோ யோசித்தாள். டாக்டரிடம் நடந்த தட்டல் கதையை நான் அவளிடம் சொன்னபோது வயிறு குலுங்கச் சிரித்தவள் அவள். "நீங்க எதுக்கு?" என்றாள் அவரிடம். "மணி எங்கிட்ட இருக்கட்டும். பேனா திருகுற சத்தம் எனக்குக் கேக்குது, பதினாலு எண்ண எனக்கும் வரும். போட்டாச்சா இல்லையான்னு என் ஒடம்புக்குத் தெரியும். அன்னைக்கும் தெரிஞ்சது. இவரு சத்தம் போட்டாருன்னு வுட்டுக்கொடுத்துட்டேன். அதான் என் தப்பு. இனிமே நான் ரெண்டு தட்டினாத்தான் இவரு கை நகரணும்."

"ஒண்ணு தட்டினா?" என்றாள் மகள்.

"ஒண்ணுன்னா இன்னான்னு ஒங்கப்பாவக் கேளு."

மகளுக்கு நம்பிக்கை வரவில்லை. காலையில் ஒரு தடவை பார்க்கிறேன், சரியில்லையென்றால் மத்தியான ரயிலில் நாம் மூன்று பேரும் என்றாள். பைகள் கதவோரத்தில், மூடியபடி, இருந்தன.

மறுநாள் ஏழு மணி. மகள் நாற்காலியை எதிரில் போட்டு உட்கார்ந்தாள். புதிய ஊசி மாட்டினேன். நான் திருகத் திருக, மனைவி உதட்டுக்குள் எண்ணினாள். பதினான்கில் நிறுத்தினேன். அவளும் நிறுத்தினாள். அவள் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. கட்டிலின் இரும்புச் சட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். தட்டவில்லை.

காத்திருந்தேன். வாசலில் யாரோ சொப்பு, சொப்பு என்று கன்னடத்தில் கூவிக் கீரை விற்றுக்கொண்டு போனார்கள். கையில் அந்தக் குறுகுறுப்பு வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதே இடத்தில், கட்டை விரலின் அடியில்.

டம்ளர் சட்டத்தின்மேல் இறங்கியது. ஒரே ஒரு தட்டு.

இன்று போடவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். காலண்டரில் கோடு இல்லை. டப்பாவில் கழற்றிப் போட்ட ஊசி நேற்றோடு சரி. எதிரில் மகள் சாட்சி. வாயில் வார்த்தை வந்துவிட்டது, எனக்கு எண்ணத் தெரியாதா என்று. இவள் இப்படிக் குழம்பினால் மகள் மத்தியானமே எங்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவாளே என்றும் பதறியது. ஆனால் கை அதற்குள் நின்றுவிட்டிருந்தது. ஒன்றுக்குப் பதில் கிடையாது. பேனாவை மேஜைமேல் வைத்தேன். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மகள் தாங்க முடியாமல், "அம்மா, இன்னும் போடலம்மா! நான் பாத்துக்கினுதான இருக்கேன்!" என்றாள்.

"தெரியும்," என்றாள் என் மனைவி. "எனக்குத் தெரியாதா போடலன்னு? இவரு நிக்கறாரான்னு பாத்தேன்."

மகள் முதலில் தன் அம்மாவைப் பார்த்தாள், பிறகு என் கைகளை. கையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. கதவோரம் போய் ஒரு பையின் ஜிப்பைத் திறந்து, முந்தின நாள் நான் மடித்து வைத்த சட்டைகளை எடுத்து அலமாரியில் வைக்கத் தொடங்கினாள்.

"தெனம் ஏழரைக்குப் போன் பண்ணுவேன்," என்றாள் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. "அம்மாதான் எடுக்கணும். ஆறு மாசத்துல டாக்டர் வேற மாதிரி சொன்னா, அப்புறம் பேச்சே கிடையாது."

"சரி," என்றோம் இருவரும்.

என் மனைவி டம்ளரை மறுபடி தூக்கினாள். இந்தத் தடவை இரண்டு. நான் கட்டில் சட்டத்தில் விரலால் திருப்பி இரண்டு தட்டினேன். பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

அதற்குப் பிறகு அறுபத்திரண்டு காலை ஆகிவிட்டது. காலண்டர் கோடு இப்போதும் உண்டு; ஆனால் அதை யாரும் கேட்பதில்லை. சில நாள் அவள் உடனே தட்டுகிறாள். சில நாள் வேண்டுமென்றே காக்க வைக்கிறாள். இன்று முப்பத்தொன்று வரை எண்ணினேன். அவளிடம் சொல்லவில்லை. கை முழங்கால்மேல்தான் இருந்தது.